பதினோரு எடைச்சீட்டுகள்

இசக்கிசெல்விக்குச் சந்தேகம் பிறவிக்குணம். சாத்தான்குளத்தில் பஸ் ஏறினால் கண்டக்டர் கிழித்துத் தருகிற டிக்கெட்டில் தேதி சரியா என்று பார்ப்பாள். காய்கறிக்கடையில் தராசுத் தட்டின் அடியைக் குனிந்து பார்ப்பாள். கல்யாண வீட்டில் யாராவது அன்பாக வந்து சாப்பிட்டாயா என்று கேட்டால், இந்த மனுஷன் எதற்காக இதைக் கேட்கிறார் என்று யோசித்தபடியே பந்தியில் உட்காருவாள். அப்படிப்பட்டவளிடம் போய், பதினோரு சீட்டில் தப்பு வந்திருக்கிறது, யார் வேலை என்று கண்டுபிடித்துக் கொடு என்று ஒருவர் சொன்னால் விடுவாளா? ஆகாரம் இல்லாமல்கூட அந்த வேலையைப் பார்ப்பாள்.

சொன்னவர் தாணுலிங்கம். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கும் ஒரு கன்டெய்னர் யார்டுக்கு மேனேஜர். அந்த யார்டில் சரக்கை ஏற்றிக் கதவை மூடியதும் ஒரு சீல் போடுவார்கள். ஒவ்வொரு சீலுக்கும் ஓர் எண்; அது அங்கேயே கம்ப்யூட்டரில் ஏறிவிடும். பிறகு ட்ரெய்லர் லாரி எடைமேடையில் ஏறி நிற்கும். கன்டெய்னர் எண், எடை, சீல் எண் மூன்றும் அச்சான ஒரு சீட்டு வரும். துறைமுக வாசலில் அந்தச் சீட்டையும் கதவில் தொங்குகிற சீலையும் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உள்ளே போகலாம். இல்லையென்றால் வழியில் எவனோ சீலை உடைத்து வேறு மாட்டியிருக்கிறான் என்று அர்த்தம். கடல் அட்டையும் பீடி இலையும் அக்கரை இலங்கைக்குக் கள்ளத்தனமாகப் போகிற கடற்கரை இது. வாசலில் நிற்கிறவர்கள் இதையெல்லாம் விளையாட்டாக எடுத்துக்கொள்வார்களா?

மூன்று வாரத்தில் பதினோரு சீட்டில் சீல் எண் மாறியிருந்தது. பதினோரு கன்டெய்னரையும் திறந்து கொட்டிப் பார்த்துவிட்டார்கள். ஒன்று குறையவில்லை, ஒன்று கூடவில்லை. ஒன்றும் இல்லை என்பதைத்தான் தாணுலிங்கத்தால் நம்ப முடியவில்லை. இதெல்லாம் வெள்ளோட்டம், பெரிய சரக்கு ஒன்றைக் கடத்துவதற்கு முன்னால் எவனோ ஆழம் பார்க்கிறான் என்றார். இசக்கிசெல்விக்கும் அதுவே தோன்றியது. சந்தேகத்தில் இருவருக்கும் நல்ல பொருத்தம்.

யார்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரே ஆள் இசக்கிசெல்விதான். எடைமேடை நிரலை எழுதியது அவள் இல்லை. ஃபிராங்க்ளின் என்று ஒருவன், பல வருஷத்துக்கு முன்னால் சி மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டான். அதைப் பார்த்துக்கொள்வதற்கு இவளைத் தற்காலிகமாக வைத்திருந்தார்கள். கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் அந்த நிரலில் இருந்த நாள்பட்ட நோய் ஒன்றை அவள் குணப்படுத்தினாள். அதற்காக ஒரு பெட்டி மக்ரூனும், அடுத்த மாதம் வேலை நிரந்தரம் என்ற வாக்கும் தாணுலிங்கத்திடமிருந்து கிடைத்தன. அது என்ன நோய் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவளே அப்போது அதை மறந்துவிட்டாள்.

முதலில் பதினோரு சீட்டையும் மேசையில் பரப்பி, நேரத்தை எழுதி, அந்த நேரத்தில் எடைமேடை அறையில் இருந்தவர் யார் என்று பார்த்தாள். மூன்று பேர் முறைபோட்டு வேலை பார்க்கிற இடம் அது. பதினொன்றும் ஹென்றியின் முறையில் வந்திருந்தது. மற்ற இரண்டு பேருக்கும் பூஜ்யம்.

ஹென்றி கீழவைப்பார்க்காரர். ஐம்பத்து நான்கு வயது. இருபது வருஷம் தோணியில் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு கொண்டுபோனவர். முட்டு தேய்ந்து, இனி தோணி ஏறாதே என்று டாக்டர் சொன்னதும் எடைமேடைக்கு வந்தார். யாரிடமும் அதிர்ந்து பேசாத மனுஷன். அதிர்ந்து பேசாதவர்கள்மேல் இசக்கிசெல்விக்குக் கூடுதல் சந்தேகம் உண்டு.

அடுத்து தரவுத்தளத்தைப் பார்த்தாள். யார்டின் விவரமெல்லாம் சேர்ந்திருக்கிற இடம் அது. பதினோரு கன்டெய்னருக்கும் சீல் எண் அங்கே சரியாகவே இருந்தது. உள்ளே சரி, சீட்டில் தப்பு. அப்படியென்றால் கம்ப்யூட்டரில் குற்றம் இல்லை, நடுவில் இருக்கிற மனுஷன்தான் விளையாடுகிறான் என்று முடிவு கட்டினாள். அங்கேதான் சறுக்கினாள். ஆனால் சறுக்குகிறவருக்கு அந்த நேரத்தில் தெரியுமா என்ன?

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, பிரின்டரைப் பார்க்க வந்ததாகச் சொல்லி ஒரு பகல் முழுக்க ஹென்றியின் அறையில் போய் உட்கார்ந்தாள். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று கிளம்பிவிட்ட நாட்கள். உப்பளத்துப் பக்கமிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்து கண்ணாடியில் அடித்தது. காற்றடித்தால் மேடைமேல் நிற்கிற கன்டெய்னர் லேசாக ஆடும். திரையில் எடை நிற்காமல் மேலும் கீழும் குதிக்கும். அது நின்ற பிறகுதான் சீட்டு அடிக்க முடியும். மற்ற இருவரும் அந்த நேரத்தில் செல்போனைப் பார்ப்பார்கள். ஹென்றிக்கு அந்தப் பழக்கம் இல்லை. எடை குதித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வண்டியின் எண்ணைத் தட்டி, டிரைவரின் பெயரைத் திரையில் பார்த்து, ஜன்னலைத் திறந்து கூப்பிடுவார்.

"ஏலே பாண்டித்துரை, கண்ணு சொக்குதோ? முகத்தைக் கழுவிட்டு வாலே, அடுத்து நீதான்."

வரிசையில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற டிரைவர்கள் ஸ்டியரிங்மேலேயே சாய்ந்து தூங்கிவிடுவார்கள். ஹாரன் அடித்து எழுப்பினால் பதறிப்போய் எதையாவது மிதித்துவிடுவார்கள். தோணியில் பாய் ஏற்றுவதற்கு முன்னால், தோணியை நடத்துகிற தண்டையல் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாராம். ஏய் என்று கூப்பிட்டால் ஒருவனும் முழுசாக விழிக்க மாட்டான், பெயரைச் சொன்னால் விழிப்பான் என்பது ஹென்றியின் கட்சி. கேட்காமலே இதை அவளிடம் சொன்னார். கேட்காமலே ஏன் சொல்கிறார் என்று அவள் குறித்துக்கொண்டாள்.

அன்று மதியம் இரண்டரை மணிக்குப் பன்னிரண்டாவது தப்பு அவள் கண்முன்னாலேயே நடந்தது. மேடைமேல் ஒரு வண்டி, பின்னால் பாண்டித்துரையின் வண்டி. காற்று, குதிக்கிற எடை, ஹென்றி ஜன்னலைத் திறந்து பாண்டித்துரையைக் கூப்பிட்டார், பிறகு சீட்டு அடித்தார். முதல் வண்டியின் சீட்டில் பாண்டித்துரை வண்டியின் சீல் எண் இருந்தது. அவள் வெளியே போய் இரண்டு கதவையும் பார்த்துவிட்டு வந்தாள். பழைய பதினொன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் இருந்தது பின்னால் நின்ற வண்டியின் எண்தான்.

அவளுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. கூப்பிடுவது சாடை! எந்த வண்டியோடு எந்த வண்டியை மாற்றப்போகிறேன் என்று பெயரைச் சொல்லி டிரைவருக்குத் தெரிவிக்கிறார். முகத்தைக் கழுவு என்பதற்கு வேறு ஏதோ அர்த்தம் இருக்கிறது. வண்டிக்குச் சரியான சீட்டு கொடுத்து அனுப்பி, தப்புச் சீட்டைத் தாணுலிங்கத்தின் மேசையில் வைத்துவிட்டு, ஹென்றி ஜன்னலில் என்ன சொன்னார் என்பதை ஒரு வார்த்தை விடாமல் அறிக்கையாகத் தட்டி அச்சடித்தாள். கீழே, கணினியில் பிழை இல்லை, இது மனிதரின் கைவேலை என்று முடித்துக் கையெழுத்தும் போட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹென்றியை மேனேஜர் அறைக்கு அழைத்தார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குப் போலீசில் புகார் கொடுக்கப்போவதாகவும், துறைமுகப் பாஸை ரத்து செய்ய எழுதப்போவதாகவும் தாணுலிங்கம் சொன்னார். பாஸ் போனால் இந்தக் கடற்கரையில் துறைமுகத்தை ஒட்டிய எந்த வேலையும் கிடையாது. போலீஸ் வேறு. ஹென்றி அறிக்கையை வாங்கி மெதுவாகப் படித்தார். தான் பாண்டித்துரையிடம் சொன்னது அச்சில் இருப்பதை விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. பிறகு இசக்கிசெல்வியைத்தான் பார்த்தார்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கேன். நான் நம்பரை மாத்துனேன்னு எழுதிருக்கே. எங்கன வச்சு மாத்துனேன்? அந்தப் பொட்டியில சீல் நம்பரைத் தட்டுததுக்கு ஒரு இடம் இருக்கா, காட்டு."

அவள் பதில் சொல்வதற்குள் தாணுலிங்கம் அவரை வெளியே போய் இருக்கச் சொல்லிவிட்டார். வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஹென்றி நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

இசக்கிசெல்வி தன் இடத்துக்கு வந்தாள். அந்தக் கேள்வியும் கூடவே வந்தது. எடைமேடைக் கம்ப்யூட்டரில் அப்படி ஓர் இடம் இல்லை. ஏன் இல்லை? எடைமேடை ஆட்களை நம்பாமல், சீல் எண்ணை யாரும் தொட முடியாதபடி அடைத்துவைத்தவளே இவள்தான். சரி, பாஸ்வேர்டைத் திருடியிருப்பார் என்று பார்த்தாள். யாரும் உள்ளே நுழைந்த தடம் இல்லை. பிரின்டரைச் சந்தேகப்பட்டாள். கனடாவில் இருக்கிற ஃபிராங்க்ளினைக்கூடச் சந்தேகப்பட்டாள், அவன் ஏதாவது சதிவேலை வைத்துவிட்டுப் போயிருப்பானோ என்று. பாவம், அவன் அங்கே தூங்கிக்கொண்டிருப்பான். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது. டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. சந்தேகப்பட ஆள் தீர்ந்துபோனபோதுதான், முதல் தப்புச் சீட்டின் தேதியை நிதானமாகப் பார்த்தாள். ஜூன் நான்கு. தான் நிரலில் கை வைத்தது என்றைக்கு என்று தேடினாள். ஜூன் மூன்று.

இப்போது அந்த நோயைச் சொல்லிவிடுகிறேன். சி மொழியில் நினைவகத்தில் இடம் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்பதற்கென்று ஒரு லைப்ரரி இருக்கிறது. அது பதிலைக் கொண்டுவந்து நினைவகத்தில் ஓரிடத்தில் வைத்துவிட்டு, இன்ன இடத்தில் இருக்கிறது என்று முகவரியை மட்டும் நம் கையில் கொடுக்கும். படித்து முடித்ததும் அந்த இடத்தைக் காலி செய்யச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு. ஃபிராங்க்ளின் ஒருநாளும் காலி செய்யச் சொன்னதில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இடத்தைப் பிடித்து, மதியத்துக்குள் நிரல் ஊதிப்போய் நின்றுவிடும். லாரிகள் சாலைவரை வரிசைகட்டி ஹாரன் அடிக்கும். இசக்கிசெல்வி செய்ததெல்லாம், கேள்வி கேட்ட ஒவ்வோர் இடத்திலும் காலி செய் என்று ஒரு வரி சேர்த்ததுதான். நிரல் அதன் பிறகு ஒருநாளும் ஊதவில்லை. மக்ரூன் வந்தது.

அந்த வரியைத் திரையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஃபிராங்க்ளின் வண்டி எண்ணையும் கன்டெய்னர் எண்ணையும் தனியாகப் படியெடுத்து வைத்திருந்தான். சீல் எண்ணை மட்டும் படியெடுக்காமல் முகவரியை வைத்தே ஒப்பேற்றியிருந்தான். எதையுமே காலி செய்யாதவன் என்பதால் அவன் காலத்தில் அது ஓடியது. இவள் காலி செய்யச் சொன்ன பிறகும் சீட்டு அடிக்கிற இடம் அதே பழைய முகவரியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. காலியான வீட்டு வாசலில் பழைய பெயர்ப்பலகை தொங்குகிறவரைக்கும் யாருக்கும் ஒன்றும் தெரியாது. உடனே சீட்டு அடித்தால் பழைய எண்ணே வரும். இடையில் இன்னொரு வண்டியைப் பற்றிக் கேள்வி கேட்டால், அந்த வண்டியின் சீல் எண் அதே வீட்டில் குடியேறிவிடும்.

இடையில் இன்னொரு கேள்வி கேட்கிறவர் யார்? காற்றடிக்கும் நேரத்தில், சீட்டு அடிப்பதற்கு முன்னால், அடுத்த டிரைவரின் பெயர் என்ன என்று கேட்கிறவர்தான். யார்டிலேயே ஒரே ஒருவர்.

மணி இரண்டே முக்கால். எடைமேடை அறைக்கு ஓடினாள். தன் பெயரிலேயே உள்ளே நுழைந்து, நிற்கிற வண்டியின் எண்ணைத் தட்டினாள், அடுத்த வண்டியைக் கேட்டாள், திரும்பி வந்து சீட்டு அடித்தாள். சீல் எண் மாறி வந்தது. கீழே, இயக்கியவர் இசக்கிசெல்வி என்று அச்சாகியிருந்தது.

அந்தச் சீட்டைத் தாணுலிங்கத்தின் முன்னால் வைத்து, தப்பு என்னுடையது, ஹென்றி அண்ணன் எதையும் தொடவில்லை என்றாள். அவர் சீட்டைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். புகார்க் கடிதம் உறையில் போட்டுத் தயாராக இருந்தது.

"நேத்து ஒரு கையெழுத்துப் போட்டே. இன்னைக்கு வேற சொல்லுதே. இடையில உன்னை யாரு வந்து பாத்தா?"

அவள் அவருடைய நாற்காலியில் இருந்திருந்தால் அவளும் இதையேதான் கேட்டிருப்பாள். வார்த்தைகூட மாறியிருக்காது. அது தெரிந்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹென்றி காலையில் எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் உறைத்தது.

"யாரும் பாக்கல சார். நீங்களே வந்து ஒரு சீட்டு அடிங்க. என்னை நம்ப வேண்டாம்."

தாணுலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெயரில் உள்ளே நுழைந்து, அவள் சொல்லச் சொல்ல ஒற்றை விரலால் தட்டினார். சீட்டு வந்தது. கதவில் தொங்கிய சீலைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தப்பான எண்ணும், அதன் கீழே தாணுலிங்கம் என்ற பெயரும் அச்சான அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். இனி அதை யாரும் பார்க்கப்போவதில்லை. புகார்க் கடிதத்தை அதற்குப் பிறகுதான் கிழித்தார்.

ஆனால் மனுஷன் லேசில் இறங்கவில்லை. நிரலைச் சத்தம்போடாமல் சரிசெய்துவிடு, ஹென்றியை மன்னித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம், மூன்று வாரச் சீட்டும் கோளாறு என்று துறைமுகத்துக்குத் தெரிந்தால் யார்டின் மானம் போகும் என்றார். செய்யாத தப்புக்கு மன்னிப்பா? தாணுலிங்கம் காலையில் போனில் சொன்னதை வைத்து, துறைமுகத்தின் பாஸ் பதிவேட்டில் ஹென்றியின் பெயருக்கு எதிரே சந்தேகம் என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அது அழிய வேண்டுமென்றால் காரணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இசக்கிசெல்வி காரணத்தை எழுதினாள். சுற்றிவளைக்காமல், நான் சேர்த்த வரியால் வந்த பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் நிரந்தரம் என்ற பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்றைக்கே சீல் எண்ணையும் படியெடுத்து வைக்கச் சொல்லி நிரலைத் திருத்தினாள். நூறு தடவை சோதித்தாள். ஒரு வாரத்தில் பாஸ் சுத்தமாகி ஹென்றி திரும்பவும் எடைமேடைக்கு வந்தார். அவள் போய் மன்னிப்புக் கேட்டபோது, தப்பு யாருக்கும் வருவதுதான், நீயே வந்து சொன்னாயே அது போதும் என்று சொல்லிவிட்டார். கோபமாக இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மதியம், நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அவள் அந்த அறைக்குப் போனாள். காற்று முன்னைவிடப் பலமாக இருந்தது. மேடைமேல் ஒரு வண்டி. எடை குதித்துக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற வண்டியில் டிரைவர் ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஹென்றி கையைக் கட்டிக்கொண்டு எடையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது.

"அண்ணே, இப்ப கூப்பிடலாம். எல்லாம் சரியாயிட்டு. ஒண்ணும் ஆகாது."

ஹென்றி சிரித்தார். பார்வையை எடையிலிருந்து எடுக்கவில்லை.

"நீ சரி பண்ணிட்டேம்மா, எனக்குத் தெரியும். ஆனா இப்ப ஜன்னலைத் திறந்தா, யாரு எங்கன உக்காந்து எழுதுதாவளோன்னு தோணுது."

எடை நின்றது. அவர் சீட்டு அடித்தார். எண் சரியாக இருந்தது. முன்வண்டி இறங்கிப் போயிற்று. பின்வண்டி அசையவில்லை. அதற்குப் பின்னால் நின்றவர்கள் ஹாரனில் கையை வைத்து அழுத்த ஆரம்பித்தார்கள். இசக்கிசெல்வி படியிறங்கி, மண் கண்ணில் அடிக்க, அந்த வண்டிவரை நடந்துபோனாள். டிரைவரைக் கூப்பிட வாயெடுத்தாள். அவன் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. கதவைக் கையால் தட்டினாள்.